135வது மாடியில் ஒரு விருந்து

எங்கள் அலுவலக ஆண்டு விழாவுக்கு இடம் தேடியபோது கமிட்டியில் எல்லோரும் சொன்ன ஒரே நிபந்தனை: 'வியூ இருக்கணும்.' நகரத்தின் நடுவில் ஒரு கட்டடத்தின் 19வது மாடியில் ஹால் கிடைத்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஊர் முழுக்க விளக்குகள். சாப்பாடு சுமார்தான், யாரும் கண்டுகொள்ளவில்லை. உயரத்தில் விழா எடுக்கிறவர் விருந்தாளியிடம் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: நாங்க எங்க வந்து நிக்கிறோம் பாருங்க.

விழா முடிந்த சில வாரங்களில் 'த டவரிங் இன்ஃபெர்னோ' படத்தை மறுபடி பார்த்தேன். 1974இல் வந்த படம். வார்னர், ஃபாக்ஸ் என்ற இரண்டு ஸ்டுடியோக்களும் ஏறக்குறைய ஒரே கதையுள்ள இரண்டு நாவல்களைத் தனித்தனியாக வாங்கிவிட்டு, போட்டி போடாமல் சேர்ந்து எடுத்தது. ஹாஸ்டலில் பார்த்தபோது எனக்கு அது ஸ்டீவ் மெக்வீன், பால் நியூமன், நெருப்பு, அவ்வளவுதான். இந்த முறை வேறு படமாகத் தெரிந்தது. ஒரு கார்ப்பரேட் நிகழ்ச்சியை யாராலும் நிறுத்த முடியாமல் போவதைப் பற்றிய படம்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் 138 மாடிக் கட்டடம். 135வது மாடியில் திறப்பு விழா விருந்து. செனட்டர், மேயர் எல்லாம் வந்திருக்கிறார்கள். 81வது மாடியின் ஸ்டோர் ரூம் ஒன்றில் தீ. கட்டடத்தை வடிவமைத்த ராபர்ட்ஸ் (நியூமன்), உரிமையாளர் டங்கனிடம் விருந்தாளிகளைக் கீழே இறக்கச் சொல்கிறார். டங்கன் மறுக்கிறார். தீ எங்கேயோ ஐம்பது மாடிக்குக் கீழே இருக்கிறதே! கடைசியில் தீயணைப்பு அதிகாரி (மெக்வீன்) வந்துதான் கட்டாயப்படுத்துகிறார். அதற்குள் எக்ஸ்பிரஸ் லிஃப்டுகளே ஆபத்தாகிவிடுகின்றன.

டங்கனாக நடித்த வில்லியம் ஹோல்டன் முகத்தில் கொடூரம் எதுவுமில்லை. வந்தவர்களின் மனம் கோணக் கூடாதே என்று தவிக்கும் வீட்டுக்காரரின் முகம் அது. ப்ரொடக்‌ஷனில் ஏதோ உடைந்திருக்கிறது என்று நாம் சொல்லும்போது, 'கிளையன்ட் டெமோ முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்' என்று சொல்லும் மேனேஜரிடமும் இதே முகத்தைப் பார்த்திருக்கிறேன். அவரும் நல்ல மனிதர்தான்.

படம் தடுமாறுவது இதற்கு அப்புறம். டங்கனின் மருமகன் சிம்மன்ஸ் வயரிங்கில் மட்டமான சரக்கைப் போட்டுக் காசு மிச்சம் பிடித்தவர். பழி முழுக்க அவர் தலையில் விழுகிறது. அவர் உயரத்திலிருந்து விழுந்து சாகும்போது நமக்கு ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிதான் படத்தின் பெரிய பலவீனம். குற்றவாளி செத்துவிட்டான், நாம் வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் இதைவிடக் கூர்மையான ஒரு சாட்சியத்தைப் படம் தன்னையறியாமலே காட்டிவிடுகிறது. இரண்டு குழந்தைகளோடும் ஒரு பெண்மணியோடும் ராபர்ட்ஸ் படியேறி வருகிறார். விருந்து நடக்கும் மாடிக்கு வந்தாயிற்று. கதவு திறக்கவில்லை. கட்டட வேலையின்போது கொட்டிய சிமெண்ட் அங்கேயே இறுகி அதை அடைத்திருக்கிறது. வெடிவைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. அந்த சிமெண்டைக் கொட்டியது யார்? படம் கேட்பதில்லை, அடுத்த விபத்துக்குப் போய்விடுகிறது. அதில் லஞ்சம் இல்லை, வில்லன் இல்லை. 'அப்புறம் அள்ளிக்கலாம்' என்று யாரோ நினைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

நான் படத்தை நிறுத்தியது அங்கேதான்.

எங்கள் விழாவில் போட்டோ எடுக்க லோகோ போட்ட பெரிய பேனர் வைத்தோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க செக்யூரிட்டி ஒருவர் வந்து, "சார், இதுக்குப் பின்னாடிதான் எமர்ஜென்சி கதவு இருக்கு. கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாங்களா?" என்றார். "அண்ணே, எம்.டி. வர்ற நேரம். போட்டோ முடிஞ்சதும் எடுத்துடறோம்" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார். பேனர் கடைசிவரை அங்கேயே இருந்தது. உள்ளே இருநூறு பேர், பரிமாறியவர்கள் தனி. எதுவும் நடக்கவில்லை. அதனாலேயே இதை யாரும் ஒரு தவறாகப் பேசவில்லை, நான் உட்பட.

ஏழாவது மாடிக்கு மேல் தீயை அணைக்க நிச்சயமான வழி கிடையாது, ஆனாலும் நீங்கள் உயர உயரக் கட்டிக்கொண்டே போகிறீர்கள் என்று அந்தத் தீயணைப்பு அதிகாரி படத்தில் ராபர்ட்ஸிடம் குறைப்படுகிறார். குறை நியாயமானதுதான். ஆனால் கட்டியவரிடம் மட்டும் அதைச் சொல்லி நிறுத்திக்கொள்வது போதாது. மேலே விருந்து வைக்க ஆசைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன்தான் நான்.

இந்த வருட கமிட்டிக்குப் பட்டியல் அனுப்பும்போது முதல் வரியாக 'வெளியேறும் கதவுகளை நேரில் போய்ப் பார்க்கவும்' என்று எழுதினேன். ஒரு பையன் உடனே பதில் போட்டான்: "அதெல்லாம் வெண்யூக்காரங்க பாத்துப்பாங்கண்ணா. வியூ எப்படி, அதைச் சொல்லுங்க."