நிர்வாகம் என்றால் யார்?

2019-இல் என் மகளுக்குப் பள்ளியில் ஒரு வீட்டுப்பாடம். உங்கள் ஊர் எந்த வகை உள்ளாட்சி, வார்டு உறுப்பினர் பெயர் என்ன, எழுதி வா என்று. முதல் கேள்விக்கு 'பெருங்களத்தூர் பேரூராட்சி' என்று டக்கென்று எழுதிவிட்டாள். இரண்டாவதுக்கு என்னிடம் வந்தாள்.

"அப்பா, நம்ம வார்டு மெம்பர் யாரு?"

"இப்ப யாரும் இல்லம்மா."

"அப்போ ஊரை யாரு பாத்துக்கறாங்க?"

"நிர்வாகம் பாத்துக்குது."

"நிர்வாகம்னா யாருப்பா?"

சட்டென்று பதில் வரவில்லை. அன்றைக்கு டிவியில் 'டிரம்ப் நிர்வாகம்' என்று ஒரு செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கு நான் சொன்ன நிர்வாகமும் அந்த நிர்வாகமும் ஒன்றா? ஒன்றில்லை. சொல்லப்போனால் இரண்டும் நேர் எதிர். எங்கள் தொழிலில் ஒரே பெயரை இரண்டு வேறு பொருளுக்கு வைத்தால் கோட் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நம் பத்திரிகைகளில் இது பல வருஷமாகத் தடையில்லாமல் பாஸாகிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் 'அட்மினிஸ்ட்ரேஷன்' என்றால் ஜனாதிபதியும் அவர் கூட்டி வருகிற ஆட்களும். ஜனவரி 20 மதியம் புதியவர் பதவியேற்றதும் பழைய அட்மினிஸ்ட்ரேஷன் முடிந்துபோகும். 'கவர்ன்மென்ட்' என்பது அங்கே காங்கிரஸ், நீதிமன்றம் எல்லாம் சேர்ந்த மொத்த அமைப்பு. அது கவிழாது.

இங்கே தலைகீழ். 1999 ஏப்ரல் 17 அன்று மக்களவையில் வாஜ்பாய் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். 'அரசு கவிழ்ந்தது' என்றுதான் தலைப்பு. ஆனால் எந்த மாவட்டத்திலும் கலெக்டர் மாறவில்லை, தாசில்தார் ஆபீஸ் மூடவில்லை. நாம் 'மாவட்ட நிர்வாகம்' என்பது இந்த நிரந்தரமான பகுதியைத்தான். பிரான்சிலும் இந்தச் சொல் பெரும்பாலும் நிரந்தர அதிகாரிகள் அமைப்பைத்தான் குறிக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், அங்கே நிர்வாகம் போகும், அரசு நிற்கும். இங்கே அரசு போகும், நிர்வாகம் நிற்கும். அதனால் 'டிரம்ப் நிர்வாகம்' என்பது எழுத்துக்கு எழுத்து சரி, பொருளில் தப்பு. 'டிரம்ப் அரசு' என்று எழுதினால் தமிழ் வாசகருக்குச் சரியாகப் போய்ச் சேரும்.

இந்தக் குழப்பம் அமெரிக்காவிலும் உண்டு. நிர்வாகம் அரசியலுக்கு வெளியே நிற்க வேண்டிய தனித் துறை என்று 1887-இல் ஒரு பேராசிரியர் புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். அவர் பெயர் வுட்ரோ வில்சன். 1913-இல் அவரே ஜனாதிபதி ஆனார். அவருடைய எட்டு வருஷத்தை இன்றைக்கும் 'வில்சன் நிர்வாகம்' என்றுதான் சொல்கிறார்கள்.

நம் சொல்லாக்கத்திலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. கலெக்டர் என்றால் வசூலிப்பவர், அவ்வளவுதான். கம்பெனி காலத்து வேலை அது. தமிழில் அவரை 'மாவட்ட ஆட்சியர்' ஆக்கினோம். நிர்வாகம் என்ற வடசொல்லில் சுமப்பது என்ற பொருள் உள்ளே இருக்கிறது. வாகனமும் அதே வேர்தான். ஆட்சியில் இருப்பது ஆளுவது. யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத அதிகாரிக்கு ஆளும் பெயரைக் கொடுத்திருக்கிறோம். தேர்தலில் ஜெயித்தவர் வெறும் 'உறுப்பினர்'.

ஒரு சொல்லுக்கு இவ்வளவா என்று கேட்கலாம். புதுச்சேரியைப் பாருங்கள். அரசியல் சட்டத்தின் 239-ஆவது பிரிவு யூனியன் பிரதேசங்களுக்கு 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று ஒருவரைச் சொல்கிறது. புதுச்சேரியில் அவர் துணைநிலை ஆளுநர். அங்கே சட்டசபையும் உண்டு, முதல்வரும் உண்டு. யார் கை மேலே? அன்றாட விவகாரங்களில் அந்த நிர்வாகி தலையிட முடியாது என்று 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். 2020 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தப்படி நகர உள்ளாட்சி மன்றத்தின் ஆயுள் 5 வருஷம். அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்திருக்க வேண்டும். 2011-இல் தேர்ந்தெடுத்த மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தலை இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதற்குப் பிறகு தனி அலுவலர்கள். அவர்கள் காலத்தை மறுபடி மறுபடி நீட்டித்தார்கள். நகரப் பகுதிகளில் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல். ஐந்து வருஷத்துக்கு மேல் இடைவெளி.

இதற்கு நடுவில், 2021 நவம்பரில், பெருங்களத்தூர் பேரூராட்சி தாம்பரம் மாநகராட்சியில் கரைந்தது. 5 நகராட்சிகள், 5 பேரூராட்சிகள் சேர்ந்த 70 வார்டு மாநகராட்சி. இணைப்பு நல்லதா கெட்டதா என்பது வேறு கட்டுரை. என் உறுத்தல் ஒன்றுதான்: ஒரு ஊராட்சி அமைப்பே இல்லாமல் போகிறபோது, வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ பேச நாங்கள் தேர்ந்தெடுத்த ஒருத்தர் கூட அந்த மன்றத்தில் இல்லை. பெயர்ப்பலகையில் மட்டும் கடைசி நாள் வரை 'ஆட்சி' இருந்தது. உள்ளே இருந்தது நிர்வாகம்.

தனி அலுவலர்கள் வேலை செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. குப்பை எடுத்தார்கள், வரி வாங்கினார்கள். அதுதான் சிக்கலே. வேலை ஓடிக்கொண்டிருந்ததால் எது இல்லை என்பது எனக்கே உறைக்கவில்லை. வீட்டுப்பாட நோட்டில் ஒரு வரி காலியாக நின்றபோதுதான் உறைத்தது.

இப்போது செய்தியில் 'நிர்வாகம்' என்று பார்த்தால் எனக்கு நானே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: இவங்களை ஓட்டுப் போட்டு மாத்த முடியுமா? முடியும் என்றால் அது அரசு, அப்படியே எழுதுங்கள். முடியாது என்றால் அது நிர்வாகம். நிர்வாகம் மட்டும் இருக்கிற ஊரில் அரசு எங்கே போச்சு என்பதையும் கூடவே எழுதுங்கள்.