இறக்கி வைக்க முடியாத கட்டு

விறகு பொறுக்குவதை நம் இலக்கிய விமர்சனம் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. அதற்கு அது வெறும் ‘கிராமச் சூழல்’. பாமாவின் ‘கருக்கு’ (1992), ‘சங்கதி’ (1994) இரண்டையும் பற்றி நிறைய எழுதியாச்சு. மொழியைப் பேசினோம், மதத்தைப் பேசினோம். சுள்ளிக்குப் போன பிள்ளையை எத்தனை பேர் பேசினோம்?

‘கருக்கு’ என்ற பெயருக்குள்ளேயே அந்தப் பிள்ளை இருக்கிறது. விறகு பொறுக்கப் போன சின்ன வயசில் பனங்கருக்கை எடுத்து விளையாடி மேலைக் கீறிக்கொண்டதையும், அந்தக் கருக்கே பின்னால் நூலுக்குக் கருவானதையும் பாமா முன்னுரையில் சொல்கிறார். இதை வாசிக்கிற ஒருத்தர் ‘ஆகா, மண்வாசனை’ என்பார். இன்னொருத்தர் ‘ஐயோ பாவம்’ என்பார். முதலாமவருக்குக் கீறல் தெரியவில்லை. அடுத்தவருக்கு விளையாட்டு தெரியவில்லை. பாமாவிடம் ரெண்டும் ஒரே கையில் இருக்கு.

அந்தக் கைக்கு அறிவும் உண்டு. பனைமட்டை சட்டுனு பத்தி சட்டுனு அடங்கிரும், கருவேலங்கட்டை நின்னு எரியும், ஈர விறகு புகையும். தடிச்ச கட்டையை அடியில் போட்டு, காத்துப் போக இடைவெளி விட்டு, சுள்ளியை மேலே அடுக்கணும். கிடக்கிற கட்டையைத் தட்டிப் பார்க்காமல் கை வைத்தால் தேள் இருக்கும். இதையெல்லாம் பாட்டிமார் கூட்டிப்போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள். எந்தப் பாடப்புத்தகமும் இதைப் படிப்பு என்று ஒத்துக்கொண்டதில்லை.

‘அப்படியானால் பிள்ளைகள் வேலை செய்து கற்பது நல்லதுதானே’ என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் குரல் நமக்குப் புதுசில்லை. 1953இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோர் தொழிலைக் கற்கச் சொன்னது. குலக்கல்வி என்று மக்கள் அதை எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும், பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் பிள்ளைகள் குடும்பத்துக்கு உதவலாம் என்று வழிவிட்டிருக்கிறது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் 1936லேயே எழுதிவிட்டார். தோட்டமும் தோப்பும் உள்ள வீட்டுப் பிள்ளை விறகு அடுக்கினால் பொறுப்பு கற்கிறது என்பார்கள். நிலமில்லாத சேரிப் பிள்ளை அடுத்தவன் வேலியோரம் குனிந்தால் திருட வந்தது என்பார்கள். விறகு ஒண்ணுதான். மரம் யாருடையது என்பதில்தான் எல்லாம் இருக்கு.

‘சங்கதி’யின் மாரியம்மாவைப் பாருங்கள். விறகு பொறுக்கிக் களைத்து, தண்ணீர் குடிக்கப் பம்புசெட்டுக்குப் போகிறாள். நிலக்காரன் கையைப் பிடித்து இழுக்கிறான். தப்பி ஓடி வருகிறாள். அவனோ முந்திக்கொண்டு ஊர்த் தலைவரிடம் போய், மாணிக்கத்தோடு அவளைச் சேர்த்துப் பழி சொல்கிறான். கூட்டம் கூடி அவளுக்கு 200 ரூபாயும் மாணிக்கத்துக்கு 100 ரூபாயும் அபராதம் போடுகிறது. கட்டை இறக்கி வைத்த அந்த ஒரு நிமிசம் போதும், அவளைக் குற்றவாளியாக்க. சுமப்பவளுக்குச் சுமையை இறக்கி வைக்க ஒரு இடமில்லை என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

இங்கே நாம் நிலக்காரனை மட்டும் திட்டிவிட்டுத் தப்பிக்க முடியாது. தீர்ப்புச் சொன்னது நம் தெருக் கூட்டம். பேசியவர்கள் நம் ஆம்பளைகள். பொம்பளைப் பிள்ளைக்கு வீட்டு வேலை, ஆம்பளைப் பிள்ளைக்கு விளையாட்டு என்று நம் வீடுகளில் நடக்கும் பாகுபாட்டையும் ‘சங்கதி’ போட்டு உடைக்கிறது. மேல்சாதிக்காரன் கேட்டால் கூசும் என்று நாம் மறைத்து வைத்ததை அந்த நூல் மறைக்கவில்லை. அதன் பலமே அதுதான்.

கேஸ் அடுப்பு வந்தாச்சு, விறகுக் கதை பழசாச்சு என்று சொல்லலாம். சிலிண்டர் தீர்ந்து மாத்தக் காசில்லாத வீட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள். அந்த வீட்டில் இன்றும் முதலில் எழுந்து சுள்ளிக்குப் போவது யார், அண்ணனா தங்கச்சியா? தலித் இலக்கியம் பேசுகிற நாம், மேடைக்குப் போகுமுன் நம் அடுப்படியில் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும்.