நிழலைக் கொண்டு நோயை அளத்தல்

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் மார்பைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்ப்பது உலகின் பல நாடுகளில் உள்ள வழக்கம். அந்தப் படங்களைப் படிப்பதற்கு அனைத்துலகத் தொழில் நிறுவனம் ஒரு வகைப்பாட்டு முறையை வகுத்திருக்கிறது. 1930-ல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் முளைவிட்ட இம்முறை 1950, 1980, 2000, 2011 எனப் பல முறை திருத்தம் பெற்றது. தொழில் மருத்துவத்தில் இதற்கு வேத வாக்கின் மதிப்பு உண்டு. ஆனால் இயற்பியல் கற்பிப்பவனின் கண்ணுக்கு இதில் மெச்சத்தக்கதும் உண்டு, குறை கூறத்தக்கதும் உண்டு.

தூசி நுரையீரலில் தங்கி, அதைச் சுற்றித் தழும்புத் திசு வளரும்போது படத்தில் சிறு புள்ளிகள் விழுகின்றன. வட்டப் புள்ளிகள் 1.5 மில்லிமீட்டர் வரை இருந்தால் ‘பி’, 3 வரை ‘க்யூ’, 10 வரை ‘ஆர்’. அதற்கு மேற்பட்டவை பெருநிழல்கள். நோய் முற்றியதன் அடையாளம். புள்ளிகளின் நெருக்கத்திற்கு 0 முதல் 3 வரை எண் தரப்படுகிறது. இந்த எண் எப்படிக் கிடைக்கிறது? யாரும் புள்ளிகளை எண்ணுவதில்லை. நிறுவனம் தரும் மாதிரிப் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொழிலாளியின் படம் எந்த மாதிரியை ஒத்திருக்கிறது என்று மருத்துவர் சொல்கிறார். கனிமங்களின் கடினத்தன்மைக்கு மோஸ் வகுத்த அளவுகோலை மாணவர்கள் நினைத்துக்கொள்ளலாம். அங்கே கீறிப் பார்க்கிறோம், இங்கே கண்ணால் பார்க்கிறோம். இரண்டும் ஒப்பீடே தவிர அளவீடு அல்ல.

இதில் ஒரு நுணுக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. மருத்துவர் 1 என்று முடிவு செய்து, 0 ஆகவும் இருக்கலாமோ என்று தீவிரமாக எண்ணினால் 1/0 என்று எழுதுகிறார். முடிவு 0, ஆனால் 1-க்கு இடமிருந்தது என்றால் 0/1. தம் ஐயத்தையும் முடிவோடு சேர்த்துப் பதிவு செய்கிறார். ஆய்வுக்கூட ஏட்டில் பிழை எல்லையை எழுதச் சொன்னால் முகம் சுளிக்கும் மாணவர்களுக்கு இதைக் காட்டலாம்.

தொல்லை அடுத்த படியில் தொடங்குகிறது. 0/1, 1/0 ஆகிய இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மருத்துவரின் தயக்கம் மட்டுமே. சட்டமும் அலுவலகமும் அந்த இடத்தில்தான் கோடு கிழிக்கின்றன. கோட்டுக்கு இந்தப் பக்கம் நோயாளி, அந்தப் பக்கம் உடல் நலமுள்ளவர். அமெரிக்காவில் படத்தில் நோய்க்குறி தெரிந்தால், சம்பளக் குறைவின்றித் தூசி குறைந்த வேலைக்கு மாறும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. இம்முறை இழப்பீட்டுக்கான சட்ட எல்லை எதையும் குறிப்பதில்லை என்று நிறுவனத்தின் வழிகாட்டி நூலே தெளிவாகச் சொல்கிறது. சொல்லி என்ன பயன்? எண் என்று ஒன்று கிடைத்துவிட்டால் அதை யாரும் சும்மா விடுவதில்லை.

இனி நிழலின் இயற்பியல். 60 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள கதிரை ஒரு சென்டிமீட்டர் நீர் ஏறத்தாழ 100-க்கு 20 பங்கு குறைக்கிறது. தசையும் அப்படியே. ஆகவே 1 மில்லிமீட்டர் முடிச்சு கதிரைக் குறைப்பது 100-க்கு 2 பங்குதான். அதன் மேலும் கீழும் விலா எலும்பு, இரத்தக் குழாய், முதுகுத் தசை எல்லாம் சேர்ந்து நிழல் போடுகின்றன. நிலக்கரியின் கார்பனுக்கு அணு எண் 6. எலும்பின் கால்சியத்துக்கு 20, மணலின் சிலிக்கானுக்கு 14. கரி கறுப்பாக இருப்பதால் படத்தில் நன்றாகத் தெரியும் என்று நினைப்பது தவறு. எக்ஸ்-கதிருக்கு நிறம் தெரியாது. படத்தைச் சற்றுக் கூடுதலாகக் கதிர்படுத்திக் கருமையாக்கினால் சிறு புள்ளிகள் மறைந்துபோகும். குறைவாகப் படுத்தினால் இல்லாத புள்ளிகளும் இருப்பதுபோல் தோன்றும். ஒரே நுரையீரல், ஒரே நாள், இரண்டு எண்கள்! (கதிரியக்கத்தைப் பற்றிய அச்சம் இங்கே வேண்டாம். ஒரு மார்புப் படத்தின் அளவு, இயற்கையில் ஓராண்டில் நாம் பெறுவதில் மிகச் சிறு பகுதி.)

படிக்கும் கண்ணும் ஒன்றல்ல. வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரின் படங்களைக் கொண்டு ஃபிளெட்சர், ஓல்ட்ஹாம் இருவரும் 1949-ல் காட்டியது இதுதான். ஒரே படத்தை இரு மருத்துவர்கள் வேறுவேறாகப் படித்தார்கள். ஒரே மருத்துவரே மறுமுறை வேறாகப் படித்தார். மாதிரிப் படங்கள் தேவைப்பட்டதே இதனால்தான்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கருநுரையீரல் நோய் ஒழிந்துவிட்டது என்று நெடுங்காலம் நம்பினார்கள். 2015-ல் நோயாளிகள் வெளிப்பட்டார்கள். 2016-ல் மோனாஷ் பல்கலைக்கழகம் அங்குள்ள பரிசோதனைத் திட்டத்தை ஆராய்ந்து, அது நோயைக் கண்டுபிடிக்கும் வகையில் நடத்தப்படவே இல்லை என்று காட்டியது. படங்கள் எடுக்கப்பட்டன. ஆனால் தேர்ந்த கண்கள் அவற்றைப் படிக்கவில்லை. அதன் பின்பு அங்கே எடுத்த படங்களை அமெரிக்காவில் தேர்வு பெற்ற மருத்துவர்கள் இருவர் படிக்க ஏற்பாடாயிற்று. ‘நோய் இல்லை’ என்ற புள்ளிவிவரத்தை எங்கே கண்டாலும், படித்தது யார் என்று கேட்பது நல்லது.

நம் நாட்டில் 1955-ஆம் ஆண்டுச் சுரங்க விதிகள் ஐந்தாண்டுக்கு மேற்படாத இடைவெளியில் மருத்துவச் சோதனை வேண்டும் என்றன. ஒரே சுரங்கத்தில் ஓய்வு பெறும்வரை வேலை செய்பவருக்கு இது பொருந்தும். ஓராண்டு இந்த ஒப்பந்தக்காரர், மறு ஆண்டு வேறொருவர் என்று மாறுபவரின் முந்தைய படத்தை எங்கே தேடுவது? பழைய படம் இல்லாமல் புதிய படத்தின் பயன் பாதிதான்.

வேதாரண்யத்தில் உப்பளம் உண்டு, சுரங்கம் இல்லை. நமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். நெய்வேலி நமக்குத் தொலைவில் இல்லை. 1957-ல் அங்கே தோண்டத் தொடங்கி 1961-ல் பழுப்பு நிலக்கரியைக் கண்டார்கள். அது திறந்தவெளிச் சுரங்கம். அந்த நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி நீர். ஆழ்சுரங்கத்தின் வறண்ட கரித்தூசி அங்கே இல்லை. ஆனால் கரியை எட்டுவதற்கு முன் கடலூர் மணற்கல்லை அகற்ற வேண்டும். அதில் குவார்ட்ஸ் உண்டு. நுரையீரலுக்குக் கரியைவிட அது கொடியது. அங்கே படம் பார்ப்பவர் தேட வேண்டிய நிழலும் வேறாகலாம். 2023-ல் ஒரத்தநாட்டுப் பக்கத்து வடசேரி நிலக்கரி ஏலப் பட்டியலில் இடம்பெற்று, எதிர்ப்புக்குப் பின் நீக்கப்பட்டது. அப்போது நம் பேச்சு பெரும்பாலும் வயலைப் பற்றியே இருந்தது; மூச்சைப் பற்றி அதிகம் பேசவில்லை.

இம்முறையில் நான் காணும் பெருங்குறை ஒன்றே. படம் காட்டுவது பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தொடங்கிச் சுவாசித்த தூசியை. புள்ளி தெரிந்த பின் அதை அழிக்க மருந்து கிடையாது. ஒரு விநாடியில் எவ்வளவு காற்றை ஊதித் தள்ள முடிகிறது என்ற எளிய சோதனை, படம் காட்டாத சில சேதங்களைக் காட்டும். அமெரிக்காவில் 2014-ல்தான் இதையும் கண்காணிப்பில் சேர்த்தார்கள். அதே ஆண்டு வந்த விதிப்படி, சுரங்கக் காற்றில் ஒரு கனமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்றிருந்த தூசி வரம்பு 2016 முதல் 1.5 ஆயிற்று. தொழிலாளி உடலில் அணிந்துகொள்ளும் ஒரு கருவி, அன்றைய தூசியை அன்றைக்கே எண்ணாகக் காட்டுகிறது. அதைப் படிக்க மாதிரிப் படமும் வேண்டாம், இரண்டாம் மருத்துவரும் வேண்டாம்.