கொப்பியில் கிடக்கும் விருத்தங்கள்

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ15 வீதியில், வாழைச்சேனை தாண்டி, வாகரைக்கு முன்னே வருகிறது மாங்கேணி. அங்கே ஒருவர் நூறு விருத்தம் எழுதிக் கொப்பியில் வைத்திருக்கிறார் என்று கொள்வோம். அது நூலாவதற்கு என்ன வழி? கைக்காசு போட வேண்டும். முந்நூறோ ஐந்நூறோ அச்சடிக்க வேண்டும். வெளியீட்டு விழா வைத்து, முதற்பிரதி வாங்க ஓர் ஆளைப் பிடிக்க வேண்டும். பரிசு என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். அரச இலக்கிய விருதுக்குப் போவது அச்சான நூல், கொப்பி அல்ல.

இந்த ஒழுங்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நீலாவணன் ஒருவரே போதும். பெரியநீலாவணையில் 1931இல் பிறந்தவர், கிழக்கின் கவியரங்குகளில் பெயரெடுத்தவர், யாப்புக்குள் பேச்சுத் தமிழை அத்தனை இயல்பாக ஓடவிட்டவர். 1975இல் மறையும்வரை அவருடைய தொகுதி ஒன்றுகூட வெளிவரவில்லை. ‘வழி’ வந்தது 1976இல். மட்டக்களப்பு வயல்வாழ்வைப் பாடும் ‘வேளாண்மை’ காவியம் 1982இல் நூலானது. ‘ஒத்திகை’க்கு 2001வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கையெழுத்துப் பிரதிக்குப் பரிசு கொடுப்பது இலங்கைக்குப் புதிதல்ல. 1992இல் புக்கர் பரிசு பெற்ற மைக்கேல் ஒண்டாச்சி, அந்தப் பணத்தைக் கொண்டு கிரேஷன் பரிசைத் தொடங்கினார். அச்சான நூலையும் அச்சாகாத பிரதியையும் அது ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. ஷெகான் கருணாதிலக்கவின் ‘சைனாமேன்’ 2008ஆம் ஆண்டுக்கான பரிசை வென்றபோது பிரதியாகத்தான் இருந்தது. அதே கை 2022இல் புக்கரையும் தொட்டது. ஆனால் கிரேஷன் ஆங்கிலத்துக்கு மட்டும். தமிழுக்கு கொடகே நிறுவனத்தின் கையெழுத்துப் பிரதிப் போட்டி இருக்கிறது. தேசிய நூலகச் சபையின் வெளியீட்டு உதவியும் உண்டு. எதிலும் யாப்புக்கென்று தனிக் கதவு இல்லை. புதுக்கவிதையும் வெண்பாவும் ஒரே பந்தியில் உட்காரும்போது எதற்கு இலை முதலில் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1919 முதல் இளங்கவிஞரின் முதல் தொகுதியைப் பிரதியிலேயே தேர்ந்து அச்சிட்டுவருகிறது. ‘நியூ கிரைட்டீரியன்’ இதழ் இன்னும் ஒரு படி போய், வடிவத்தில் கருத்தூன்றிய தொகுதிகளுக்கென்றே பரிசு வைத்திருக்கிறது.

இங்கே அப்படியொன்று வந்தால் முதல் சண்டை, யாப்பு எது என்பதில்தான் மூளும். சீரையும் தளையையும் எண்ணிப் புள்ளி போட்டால், பிழையில்லாத செத்த செய்யுள்கள் வரிசையில் வந்து நிற்கும். இந்தப் பகுதியின் மரபோ ஒற்றை அளவுக்குள் அடங்காது. பகவத்கீதையை வெண்பாவில் தந்த புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை மண்டூர்க்காரர். வசந்தன் ஆட்டத்தின் தாளத்துக்கு வளர்ந்த கவிகளை 1940இல் தி. சதாசிவ ஐயர் திரட்டி அச்சேற்றினார். அந்த மெட்டில் இன்றைக்கு ஒருவர் புதிதாக ஒரு தொகுதி கட்டினால் யாப்பிலக்கண நூலான காரிகையைக் காட்டித் திருப்பி அனுப்புவதா? வடக்கிலே மஹாகவி, ஆங்கில லிமரிக்கை ஐந்தடிக் ‘குறும்பா’வாக்கி 1966இல் நூலாக்கினார். எந்த இலக்கண நூலும் அதற்கு முன்அனுமதி கொடுக்கவில்லை. நடுவருக்குக் காரிகை தெரிந்திருக்கட்டும். அதைவிடக் காது வேண்டும்.

கண்ணை மட்டும் கட்டிவிடலாம். கிழக்கின் எழுத்துலகம் சிறியது. கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஆகவே பிரதிகள் பெயரில்லாமல், தட்டச்சாகிப் போக வேண்டும். நடுவரில் ஒருவராவது மாகாணத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும்.

பெருந்தொகை தேவையில்லை. தொகுதியை ஒழுங்காக அச்சிட்டு, நூலகங்களுக்கு அனுப்பிவைத்தால் போதும். அதே ஏ15 வீதியில், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் தமிழ் அறிஞர்கள் நீலாவணன் பெயரில் யாப்புக்கென்று இப்படியொரு பரிசைத் தொடங்கி வைக்கட்டும்.