நாக்கை மடிக்கச் சொல்லும் மரபியல்

"டீச்சர், எங்க அப்பாவுக்கும் வராது, அம்மாவுக்கும் வராது. எனக்கு மட்டும் எப்படி வருது?" நாக்கின் இரண்டு ஓரத்தையும் குழல்போல மடித்துக் காட்டிவிட்டு ஒரு பத்தாம் வகுப்பு மாணவி கேட்டாள். நாக்கை மடிக்க வருவது ஓங்கு பண்பு, வராதது ஒடுங்கு பண்பு என்று முந்தின நாள்தான் கரும்பலகையில், பெற்றோரின் ஜீன்கள் பிள்ளையிடம் சேரும் விதங்களைக் காட்டும் நான்கு அறைப் பன்னட் கட்டம் போட்டு நடத்தியிருந்தேன். ஒடுங்கு பண்புள்ள பெற்றோருக்கு ஓங்கு பண்புள்ள பிள்ளை பிறக்காது என்றும் சொல்லியிருந்தேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

பிழை அவள் வீட்டில் இல்லை, என் பாடத்தில் இருந்தது. நாக்கு மடிப்பை ஒரே ஜீனின் வேலையாகக் கருதி 1940-ல் எழுதியவர் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டெவண்ட். குரோமோசோமில் ஜீன்கள் அமைந்திருக்கும் வரிசையை முதன்முதலில் வரைபடமாக்கிய மேதை அவர். ஆனால் 1952-லேயே, ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராத ஜோடிகள் தென்பட்டுவிட்டன. அந்த எடுத்துக்காட்டு இன்னும் புத்தகங்களில் இருப்பது சங்கடமாக இருக்கிறது என்று 1965-ல் ஸ்டர்ட்டெவண்ட்டே எழுதினார். அவர் கைவிட்டதை வகுப்பறைகள் கைவிடவில்லை. காதுமடல் ஒட்டியிருப்பதும் இதே கதைதான். அதில் பல ஜீன்களுக்குப் பங்கு உண்டு.

இதற்காக, ஓங்கு, ஒடுங்கு என்ற கருத்தைத் தந்த மெண்டலையே பாடத்திலிருந்து தூக்கிவிடச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பர்னோ மடாலயத் தோட்டத்தில் 1856 முதல் எட்டு ஆண்டுகள் பட்டாணி வளர்த்து அவர் செய்த பெரிய காரியம், எண்ணியது. இரண்டாம் தலைமுறையில் 7,324 விதைகள்: உருண்டை 5,474, சுருக்கம் விழுந்தவை 1,850. ஏறக்குறைய 3 : 1. தாயும் தந்தையும் இரண்டு சாயம்போலக் கலந்துவிடுகிறார்கள் என்றே அன்று பலரும் நம்பினார்கள். அப்படிக் கலந்தால், எந்தப் புதிய பண்பும் சில தலைமுறைகளில் நீர்த்துப்போகும். இயற்கைத் தேர்வுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது. டார்வினை வாட்டிய கேள்வி இது. முதல் தலைமுறையில் காணாமற்போன சுருக்கம் அடுத்த தலைமுறையில் அப்படியே திரும்பி வருவதைக் காட்டுகிறது அந்த 1,850. அதை மாணவர்கள் எண்ணிக் கண்டுகொள்ளும் நாள் மரபியல் பாடத்தின் நல்ல நாள்.

சிக்கல், எண்ணிக்கையோடு பாடத்தை நிறுத்திவிடுவது. ஒரு விதை ஏன் சுருங்குகிறது? உருண்டை விதையில் ஒரு நொதி மாவுச்சத்தைக் கிளைகிளையாகக் கட்டுகிறது. சுருங்கும் வகையில் அந்த நொதிக்கான ஜீனுக்குள் சுமார் 800 எழுத்து நீள டி.என்.ஏ துண்டு புகுந்து உட்கார்ந்திருக்கிறது. 1990-ல்தான் இது தெரியவந்தது. நொதி வேலை செய்யாததால் சர்க்கரை தேங்குகிறது, விதை அதிக நீரை இழுத்து உப்புகிறது, காயும்போது தோல் சுருங்கிவிடுகிறது. குருமாவுக்கு உரிக்கும் இனிப்பான பச்சைப் பட்டாணியைக் காயவிட்டுப் பார்த்தால், பெரும்பாலும் இந்தச் சுருக்கம் விழும். இரு வகையும் கலந்த விதையோ வெளியே உருண்டைதான். ஆனால் அதன் மாவுத் துகள்களை நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டுக்கும் நடுவாக இருக்கின்றன. அப்படியானால் அந்த ஜீன் ஓங்கியதா, இல்லையா? நாம் எதைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. கட்டத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று போடும்போது இந்த உண்மை மறைந்துபோகிறது.

1902-லேயே வெல்டன் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், கடைகளில் விற்ற பட்டாணிகளை வரிசையாக அடுக்கிப் படம் வெளியிட்டார். பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே எத்தனையோ சாயல்கள். 1906-ல் அவர் இறந்தார். பண்புகளை இரண்டே வகைக்குள் அடைக்க முடியுமா என்று அவர் எழுப்பிய கேள்வி ஓரங்கட்டப்பட்டது. நம் காலத்தில் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கிரகரி ராடிக்கும் ஆனி ஜேமிசனும், ஜீனும் சூழலும் சேர்ந்து உடலை உருவாக்கும் விதத்தை முன்னால் வைத்து ஒரு பாடத்தை நடத்திப் பார்த்தார்கள். எல்லாம் ஜீன் இட்ட விதி என்ற எண்ணம் அந்த மாணவர்களிடம் குறைந்தது. வழக்கமான பாடம் படித்தவர்களிடம் குறையவில்லை. சிறிய முயற்சிதான். ஆனாலும் அலட்சியப்படுத்தக் கூடாதது. ஏனென்றால், 'மந்தபுத்தி'யைக்கூட ஒற்றை ஒடுங்கு பண்பாகக் கட்டத்தில் அடைத்த காலம் ஒன்று இருந்தது. கட்டாயக் கருத்தடைச் சட்டம் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927-ல் தீர்ப்பளித்தது அந்தக் காலத்தில்தான்.

கட்டம் உண்மையிலேயே தேவைப்படும் இடமும் இருக்கிறது. நீலகிரிப் பழங்குடியினரிடையே 1952-ல் கண்டறியப்பட்ட அரிவாள் செல் சோகையை எடுத்துக்கொள்வோம். டி.என்.ஏவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வரும் நோய். அந்த மாற்றத்தை ஒரு பிரதியாக மட்டும் சுமப்பவர்களுக்குக் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது. அதனால்தான் மலேரியா மிகுந்த பகுதிகளில் அது அழியாமல் நிலைத்தது. நாக்கைவிட இது எவ்வளவு கனமான பாடம்! மரபியலும் பரிணாமமும் இங்கே ஒரே பக்கத்தில் வந்துவிடுகின்றன.

இங்கேயும் கட்டம் ஒரு தவறான எண்ணத்தை விதைக்கும். அப்பா, அம்மா இருவரும் சுமப்பவர்கள் என்றால் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. நான்கு அறைகளைப் பார்க்கும் பிள்ளைகள் அவற்றை நான்கு குழந்தைகளாக எண்ணிக்கொள்கிறார்கள். முதல் பிள்ளைக்கு நோய் வந்துவிட்டால் அடுத்த மூன்றும் தப்பிவிடும் என்று கணக்குப் போடுகிறார்கள். அதனால் இப்போதெல்லாம் கட்டம் போடுவதற்கு முன் ஆளுக்கு இரண்டு காசு கொடுத்துச் சுண்டச் சொல்கிறேன். இரண்டிலும் பூ விழுந்தால் நோய். ஒரு பெஞ்சில் அடுத்தடுத்து மூன்று முறை விழும். பக்கத்து பெஞ்சில் பத்து முறை சுண்டியும் விழாது.