பின்சக்கரமே கிராங்க் ஷாஃப்ட்: 1894 மியூனிக் வண்டி பற்றி ஒரு கணக்கு

உலகின் முதல் மோட்டார் சைக்கிள் எது என்று தேடினால் இரண்டு பதில் வரும். ஒன்று 1885-ல் டைம்லர் செய்த மரச்சட்ட வண்டி. விழாமல் இருக்க இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்தது. எஞ்சினைச் சோதிக்கச் செய்த வண்டிதான், விற்கச் செய்ததல்ல. வரிசையாகத் தயாரித்து, காசு வாங்கிக்கொண்டு விற்ற முதல் வண்டி மியூனிக்கில் 1894-ல் வந்த ஹில்டெப்ராண்ட் - வொல்ஃப்முல்லர். ‘மோட்டார்ராட்’ என்ற ஜெர்மன் சொல்லே இவர்களோடுதான் புழக்கத்துக்கு வந்தது.

இதைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் ஒரே எண்களைத்தான் சொல்கிறார்கள்: 1489 சிசி, இரண்டு சிலிண்டர், நிமிடத்துக்கு 240 சுற்றில் 2.5 குதிரைத்திறன், வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர். யாரும் இதைக் கூட்டிக் கழித்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

இந்த வண்டியில் செயின் கிடையாது, பெல்ட் கிடையாது, கிளட்சும் கிடையாது. நீராவி ரயில் எஞ்சின் மாதிரி, பிஸ்டனிலிருந்து வரும் தண்டுகள் நேராகப் பின்சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம்தான் கிராங்க் ஷாஃப்ட், அதுவேதான் ஃப்ளைவீலும். அப்படியானால் எஞ்சின் ஒரு சுற்று, சக்கரம் ஒரு சுற்று. பின்சக்கரம் 22 இஞ்ச்; சுற்றளவு சுமார் 1.75 மீட்டர். 240 சுற்றுக்கு நிமிடத்தில் 420 மீட்டர், அதாவது மணிக்கு 25 கிலோமீட்டர். 45-ல் போக எஞ்சின் 425 சுற்றுக்கு மேல் ஓட வேண்டும். இரண்டு எண்ணுமே சரியாக இருக்கலாம். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், முழு சக்தியோடு 45-ல் பறந்தது என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

வேகத்தை விடுங்கள், மெதுவாகப் போவதுதான் உண்மையான பிரச்சினை. நடை வேகத்தில், மணிக்கு 5 கிலோமீட்டரில், எஞ்சின் 47 சுற்றுதான். ஃபோர் ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். சராசரியாகச் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. ஒன்றேகால் வினாடிக்கு ஒரு உதை! நடுவில் பிஸ்டனைத் திரும்பத் தள்ள ரப்பர் பட்டைகளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஸ்டார்ட் செய்ய வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, எஞ்சின் பிடித்ததும் தாவி ஏற வேண்டும். வழியில் ஒரு மாடு குறுக்கே வந்து நின்றால் எஞ்சினும் நிற்கும். மறுபடி இறங்கி ஓட வேண்டியதுதான்.

சூடான குழாயை வைத்துப் பற்றவைக்கும் முறைதான் இந்த வண்டியைக் கெடுத்தது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. பற்றவைப்பை மாற்றியிருக்கலாம். எஞ்சின் வேகத்தைச் சக்கர வேகத்தோடு கட்டிப்போட்டதை, வண்டியை முழுசாக மறுபடி வடிவமைக்காமல் மாற்ற முடியாது. அதே காலத்தில் பிரான்சின் டி டியோன் 138 சிசி எஞ்சினை 1500 சுற்றில் ஓட்டி அரைக் குதிரைத்திறன் எடுத்தார். லிட்டர் கணக்கில் பார்த்தால் மியூனிக் எஞ்சினைப்போல இரண்டு மடங்கு. பல்சக்கரம் வைத்து வேகத்தைக் குறைத்ததால்தான் அது சாத்தியமானது.

இத்தனைக்கும் மற்ற வேலைப்பாடு அருமை. பின் மட்கார்டே தண்ணீர்த் தொட்டி. ஃப்ரேமின் ஒரு குழாயில் எண்ணெய். சைக்கிளில் எஞ்சினை ஒட்டவைக்காமல், எஞ்சினுக்காகவே போட்ட சட்டம். அந்தச் சட்டத்தைப் பார்த்துத்தான் அருங்காட்சியகத்தில் ஆட்கள் அசந்துபோகிறார்கள். நியாயம்தான். கம்பெனி 1897-க்குள் மூடிவிட்டது.