இராமநாதனின் வழக்குரை: 1915 பற்றிய நூலொன்று

திருநெல்வேலியிலே பரமேஸ்வரன் ஆலயத்தைக் கடந்து விரிவுரைக்குச் செல்லும் நம்மிற் பலர், அவ்வாலயத்தையும் 1921இற் பரமேஸ்வராக் கல்லூரியையும் நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் யுத்தகாலத்தில் எழுதிய நூலைக் கண்டதில்லை. ‘இலங்கையிற் கலகங்களும் இராணுவச் சட்டமும், 1915’ எனத் தமிழிற் பெயர்கொள்ளத்தக்க அவ்வாங்கில நூல் 1916இல் இலண்டனில் வெளிவந்தது.

முதலாம் உலக மகாயுத்தத்தின் நடுவே, 1915 மே இறுதியில், கண்டியில் மூண்ட சிங்கள – முஸ்லிம் கலகம் சில நாட்களுள் அடங்கிற்று. தேசாதிபதி சாமர்ஸ் ஜூன் 2ஆம் திகதி பிரகடனஞ் செய்த இராணுவச் சட்டமோ அடங்கவில்லை. விசாரணையின்றிப் பலர் சுடப்பட்டனர், ஹென்றி பேதிரிஸ் ஜூலை 7ஆம் திகதி இராணுவ மன்றின் தீர்ப்பினாற் கொல்லப்பட்டார், டி. எஸ். சேனநாயக்கா முதலியோர் சிறைப்பட்டனர். படித்த இலங்கையரின் பிரதிநிதியாக 1911இல் தெரிவாகியிருந்த இராமநாதனே சட்டநிரூபண சபையில் இதனைக் கண்டித்து எழுந்தார்.

நூலின் வலிமை அதன் சினத்திலன்று, சினத்தை அடக்கிய வாதத்திலே தங்கியுள்ளது. சொலிசிற்றர் ஜெனரலாயிருந்தவரின் பயிற்சி பக்கந்தோறும் புலனாகிறது. நீதிமன்றங்கள் இயங்கக்கூடிய வேளையில் இராணுவச் சட்டத்துக்குத் தேவை யாது என்னும் ஒரே வினாவை, ஆங்கிலச் சட்ட மரபைக் கொண்டே ஆங்கில ஆட்சியாளரிடம் அவர் தொடுக்கிறார். போர்க்காலத்தில், இராசத் துரோகம் என்ற ஐயம் எவர்மீதும் விழக்கூடிய சூழலில், இது எளிய செயலன்று. சிங்களவர் முடிக்கு விசுவாசமானவர் என்று அவர் மீண்டும் மீண்டும் வற்புறுத்துவது இன்று நமக்குச் சலிப்பூட்டலாம். அன்று அதுவே அவருக்கிருந்த கேடயம்.

ஆயினும் வழக்கறிஞரின் குறையும் இங்கேயே உண்டு. தம் கட்சிக்காரர் தவிர்ந்த பிறர் அவர் கண்ணிற் படுவதில்லை. அரசாங்கக் கணக்கின்படி 25 முஸ்லிம்கள் கொலையுண்டனர். நாலாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. அத்துயருக்கு நூலில் உள்ள இடம் மிகச் சொற்பம். சோனகர் இனத்தால் தமிழரே என்று 1880களில் வாதிட்டவரும் இவரே என்பதை நினைக்குந்தோறும் இக்குறை பெரிதாகத் தோன்றுகிறது. உறவு கொண்டாடியபோது அவர்களின் சம்மதத்தை அவர் கேட்கவில்லை. அவர்கள் இழந்தபோது அவ்வுறவை நினைவுகூரவுமில்லை. முஸ்லிம் தலைவர்கள் இதனை மறக்கவில்லை.

நன்றியுற்ற சிங்களத் தலைவர்கள் அவரை வண்டியிலிருத்தித் தாமே இழுத்துச் சென்ற கதையை நம் பாடநூல்கள் விரும்பிச் சொல்லும். டொனமூர் ஆணைக்குழுவின் காலத்தில் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவரும் அவரே என்பதை அத்துணை விருப்புடன் சொல்வதில்லை. இரண்டையும் ஒருங்கே வைத்துப் படித்தாலன்றி, தனிமனிதனின் உரிமைக்கு அத்துணை உறுதியாக வாதிட்ட இந்நூல் பொதுமக்களின் குரலுக்கு ஏன் இடங்கொடுக்கவில்லை என்பது விளங்காது.